கொம்பு நுனியில் ஒரு கருப்புக் குருவி: நீலகிரியில் புதர்ச்சிட்டு பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

ஊட்டியிலிருந்து குன்னூர் இறங்கும் வழியில் கேத்தி பள்ளத்தாக்கைப் பாருங்கள். கேரட் பாத்தி, முட்டைக்கோஸ் பாத்தி, நடுவில் பீன்ஸ் கொடிக்கு நட்ட கொம்புகள். அந்தக் கொம்புகளில் ஏதோ ஒன்றின் உச்சியில் சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் சிறிய, கருகருவென்ற ஒரு குருவி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். திடீரெனத் தரையில் விழுந்ததுபோல் இறங்கும், எதையோ கொத்தும், வந்த கொம்புக்கே திரும்பும். அதுதான் கருப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டு. சுருக்கமாகப் புதர்ச்சிட்டு.

பறவை பார்க்கப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் மலையில் கிடையாது. சோலைக்குள் இருக்கும் பறவை ஒரு நொடி முகம் காட்டிவிட்டு ஓடிவிடும். புதர்ச்சிட்டோ வெட்டவெளியில், கண்ணுக்கு எட்டும் உயரத்தில், அரைமணி நேரம் ஒரே இடத்தில் நிற்கும். அதோடு, மத்திய ஆசியாவிலிருந்து நியூகினி வரை பரவியிருக்கும் இந்த ஒரே இனத்துக்குச் சுமார் 16 உள்ளினங்கள், அதாவது வட்டாரத்துக்கு வட்டாரம் சற்றே மாறும் வகைகள், உண்டு. நம் மலையில் இருப்பது அதில் ஒன்று. அதற்குப் பெயரே நீல்கிரியென்சிஸ். பொதுவான ஒரு பறவையை ஆழமாகப் பார்த்துப் பழகினால் மற்ற எல்லாப் பறவைகளையும் பார்க்கும் கண் தானாக வரும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை

பைனாகுலர் 8x42 போதும். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 10 மடங்கு வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். மலைக்காற்றில் கை ஆடும். கை ஆடினால் 10 மடங்கில் படம் இன்னும் அதிகமாக ஆடும், பார்க்கும் வட்டமும் சுருங்கும். முதல் வருடத்துக்கு 8 தான் நல்லது.

வாங்கியதும் முதல் வேலை, இரண்டு கண்ணுக்கும் தனித்தனியே சரிசெய்வது. இதைச் செய்யாமலே மாதக்கணக்கில் மங்கலாகப் பார்ப்பவர்கள் உண்டு. முப்பதடி தள்ளி இருக்கும் ஒரு பெயர்ப்பலகையைத் தேர்ந்துகொள்ளுங்கள். வலதுபக்கக் கண்ணாடியைக் கையால் மறைத்து, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்கு எழுத்து தெளிவாகும்படி வையுங்கள். பிறகு இடதை மறைத்து, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண்ணருகே இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் அடுத்த முறை தேட வேண்டாம்.

ஒரு சிறு நோட்டு, பென்சில். பனியில் பால்பாயிண்ட் பேனா மக்கர் பண்ணும், ஈரத் தாளில் மை பரவும். உடை பழுப்போ பச்சையோ இருக்கட்டும். வெளியூர் வண்டியில் நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்திருக்க வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து அது கட்டாயம்.

எங்கே, எப்போது

நீலகிரியில் கேத்தி, முத்தோரை பாலாடா, இத்தலார், எமரால்டு பக்கத்துக் காய்கறித் தோட்டங்கள். கூடலூர் சாலையில் ஒன்பதாவது மைல் புல்வெளியும் பைக்காரா ஓரமும். கோத்தகிரிப் பக்கம் கவாத்து செய்த தேயிலைச் சரிவுகள். கவாத்து முடிந்து செடி கட்டையாக நிற்கும்போது தரை தெரியும், பூச்சி தெரியும், குருவியும் வரும். செடி மூடிக்கொண்ட பிறகு அதே சரிவில் ஓரச் சாலையில்தான் பார்க்க முடியும். பழனி மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி. பூண்டுப் பாத்திகளின் ஓரக் கல் வரப்புகளைப் பாருங்கள்.

இந்தக் குருவிக்கு வேண்டியவை மூன்று: உட்கார ஒரு முனை, இறங்கிப் பொறுக்கத் திறந்த தரை, கூடு வைக்க ஒரு பொந்து. மூன்றும் ஐம்பது மீட்டருக்குள் இருக்கும் இடத்தைத் தேடினால் குருவியைத் தேட வேண்டியதில்லை.

காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை நல்ல நேரம். டிசம்பர், ஜனவரியில் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் நாட்களில் அவசரப்பட வேண்டாம். வெயில் பாத்தியைத் தொட்ட பிறகுதான் பூச்சி நகரும், அதற்குப் பிறகுதான் குருவியும் சுறுசுறுப்பாகும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்குப் பகுதியில், குறிப்பாக அவலாஞ்சிப் பக்கம், மழையும் மூடுபனியும் பார்வையைக் கெடுக்கும். அந்த மாதங்களில் கிழக்கே கோத்தகிரிச் சரிவு பரவாயில்லை.

தோட்டம் என்றால் அது ஒருவருடைய பிழைப்பு. வரப்பில் கால் வைக்கும் முன் “அண்ணா, ஓரமா நின்னு குருவி பாத்துக்கட்டுமா?” என்று கேட்டுவிடுங்கள். மறுப்பவர்கள் குறைவு. மருந்து அடித்த அன்று உள்ளே போகக் கூடாது, அதையும் அவர்களே சொல்வார்கள். காட்டெருமை நிற்கிறது என்றால் திரும்பி நடங்கள், அன்றைக்குக் குருவி வேண்டாம். முக்கூர்த்தி, பேரிஜம் போன்ற வனத்துறை இடங்களுக்கு அனுமதி இல்லாமல் போகக் கூடாது.

ஐந்து நிமிடம், ஒரே குருவி

இருபது முப்பது மீட்டர் தள்ளி நில்லுங்கள். குருவி வாலை ஓயாமல் வெட்டிக்கொண்டு உங்களையே பார்த்தால் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். இரண்டடி பின்னால் வந்து அசையாமல் இருங்கள்.

ஆண் குருவி உட்கார்ந்திருக்கும்போது முழுக் கருப்பாகவே தெரியும், வெள்ளை எங்கே என்று புதியவர்கள் குழம்புவது இங்கேதான். வெள்ளை மூன்று இடங்களில் இருக்கிறது: இறக்கையின் உட்புறத் தோளில் ஒரு பட்டை, வாலுக்கு மேலே இடுப்பில் ஒரு திட்டு, அடிவயிற்றில் வாலடி வரை. மூன்றும் உட்கார்ந்த நிலையில் பாதியோ முழுதுமோ மறைந்துவிடும். ஆகவே கொம்பில் இருக்கும் குருவியை மட்டும் பார்த்துக்கொண்டிராமல் அது கிளம்பும் நொடிக்காகக் காத்திருக்க வேண்டும்.

அந்த நொடி வருவதற்கு முன் குருவியே சொல்லிவிடும். உடல் முன்னால் சாயும். தலை ஒரு பக்கம் திரும்பி, ஒரு கண் தரையில் ஒரே இடத்தில் நிற்கும். முழங்கால் மடிவதுபோல் ஒரு சிறு குனிவு, உடனே இறக்கை விரியும். அப்போது தோள் பட்டை பளிச்சென ஒரு கோடாகத் தெரியும். தரைக்கு அருகே வேகத்தைத் தணிக்க வால் விரியும்போது இடுப்பு வெள்ளை தெரியும். கொத்திவிட்டு மேலே வரும்போது, நீங்கள் பள்ளத்தில் நின்றால், அடிவயிறும் தெரியும். மலையில் இது ஒரு வசதி: மேட்டில் நின்றால் இடுப்பு, பள்ளத்தில் நின்றால் வயிறு. ஒரே குருவியை இரண்டு இடத்திலிருந்தும் பாருங்கள்.

பெண் குருவிக்கு இந்தப் பட்டை கிடையாது. மொத்தமும் மங்கிய பழுப்பு, மேலே லேசான கோடுகள், வால் கருத்திருக்கும், இடுப்பு துருவின் நிறம். ‘ஏதோ பழுப்புக் குருவி’ என்று விட்டுவிடுவார்கள். அருகில் கருப்பு ஆண் இருக்கிறதா, இதுவும் கொம்பிலிருந்து இறங்கித் திரும்புகிறதா என்று பார்த்தால் சந்தேகம் தீரும். குஞ்சு பறந்த புதிதில் கீழ்ப்புறம் செதில் செதிலாகப் புள்ளி தெரியும்.

வேறு எதனோடு குழம்பலாம்? கருஞ்சிட்டு மலையடிவாரத்திலும் மசினகுடிப் பக்கமும் அதிகம். ஆணுக்குத் தோளில் வெள்ளை உண்டு, ஆனால் வாலை முதுகுக்கு மேலே தூக்கி நிறுத்தும், வாலடி செங்கல் நிறம். புதர்ச்சிட்டு அப்படி வாலைத் தூக்கி நிறுத்தாது, அதன் வாலடி வெள்ளை. குண்டுகரிச்சான் சுமார் 19 செ.மீ., புதர்ச்சிட்டு 13 செ.மீ.தான். கரிச்சானின் வயிறு முழுதும் வெள்ளை, வாலோரமும் வெள்ளை. நெட்டைக்காலி (பிப்பிட்) என்ற பழுப்புக் குருவி புல்லில் நடந்து திரியும். புதர்ச்சிட்டு தரையில் தத்தும், அதுவும் ஓரிரு தத்தல், பிறகு மேலே.

உணவில் பெரும்பகுதி வண்டுகளும் எறும்பு, குளவி வகைகளும். தோட்டக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள், அடுத்த முறை அவர்களே “அதோ இருக்கு பாருங்க” என்று காட்டுவார்கள்.

உள்ளினம் பார்ப்பது எப்படி

1766-ல் லின்னேயஸ் இந்தப் பறவைக்குப் பெயர் வைத்தது பிலிப்பைன்ஸின் லூசான் தீவுக் குருவியை வைத்து. நம் மலைக் குருவியைத் தனி உள்ளினமாகப் பறவையியலாளர் ஹியூ விஸ்லர் விவரித்தது 1940-ல். நமக்கு வேண்டியவை அண்டை உள்ளினங்கள் மட்டும். மத்திய ஆசியாவில் ரோசோரம். பாகிஸ்தான், வட இந்தியாவில் பைகலர், குளிர்காலத்தில் தெற்கே இறங்கும். தீபகற்பச் சமவெளியிலும் பர்மா வரையிலும் பர்மானிகஸ். தென்மேற்கு மலைகளில் நீல்கிரியென்சிஸ். இலங்கையின் மலைநாட்டில் மட்டும் அட்ராட்டஸ். நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் இருக்கும், தாழ்நிலத்தில் கிடையாது.

வடக்கிலிருந்து தெற்கே வரவர இரண்டு மாற்றங்கள். ஒன்று, ஆணின் அடிவயிற்று வெள்ளை சுருங்கும். ரோசோரத்தில் அது மிக விரிந்தது, பைகலரில் கீழ் மார்பை நோக்கி ஏறும், பர்மானிகஸிலும் நம் குருவியிலும் அடிவயிற்றோடு நின்றுவிடும். இரண்டு, அலகு தடிக்கும். அந்த வரிசையின் கடைசியில் நிற்கும் இலங்கைக் குருவிக்கு அலகு நன்றாகவே கனம்.

இதைப் படித்தவுடன் கொம்பில் இருக்கும் குருவிக்கு உள்ளினப் பெயர் சூட்ட ஆசை வரும். வேண்டாம். ஒரு குருவியை ஒரு முறை பார்த்து உள்ளினம் சொல்ல முடியாது. எழுத வேண்டியது பெயரல்ல, பார்த்தது. குருவியின் கால் உடலிலிருந்து புறப்படும் இடத்தை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை காலுக்குப் பின்னால் மட்டுமா, கால் வரை வந்ததா, காலைத் தாண்டி மார்புப் பக்கம் ஏறியதா? இந்த மூன்றில் ஒன்றை எழுதினால் பத்து வருடம் கழித்துப் படிக்கிறவருக்கும் புரியும். ‘நிறைய வெள்ளை’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை.

எங்கே தவறு நடக்கிறது என்றால், முதலாவது இறகு. புது இறகு வந்த ஆணுக்குக் கருப்பு இறகின் ஓரமெல்லாம் பழுப்பு விளிம்பு இருக்கும். மாதங்கள் போகப்போக விளிம்பு தேய்ந்து, இனப்பெருக்கக் காலத்தில் பளபளப்பான கருப்பு வரும். நவம்பரில் பழுப்பேறிய ஆணைப் பார்த்து ‘வேறு வகை’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது அதே குருவிதான். ஆகவே தேதி இல்லாத குறிப்பு செல்லாது.

இரண்டாவது கேமரா. கரும்பச்சைத் தேயிலைச் செடியின் பின்னணியில் கருப்புக் குருவியை எடுத்தால், கேமரா எல்லாம் இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். வெள்ளை கொட்டிப் பரவி, பட்டை உண்மையைவிடப் பெரிதாக விழும். மூடுபனி வானத்துக்கு எதிரே எடுத்தால் நேர்மாறு: குருவி வெறும் நிழலாகி வெள்ளையே காணாமல் போகும். தேயிலைப் பின்னணிக்கு கேமராவின் வெளிச்சத் திருத்தத்தை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) -0.7 அளவுக்குக் குறையுங்கள், பனி வானத்துக்கு +1 கூட்டுங்கள். ஒரு குருவிக்கு மூன்று படம் போதும்: அலகு தெரியும் பக்கவாட்டுப் படம், கீழிருந்து வயிறு, இறக்கை விரித்த ஒன்று. அலகின் தடிமன் பக்கவாட்டுப் படத்தில் மட்டுமே தெரியும். முகம் சற்றே நம் பக்கம் திரும்பினாலும் அலகு குட்டையாகத் தோன்றும்.

மூன்றாவது, பார்த்த இடம். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் நடுவே எந்த மைல்கல்லில் பர்மானிகஸ் முடிந்து நீல்கிரியென்சிஸ் தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. கல்லார், பர்லியார் உயரத்துக் குருவிக்கு இனப் பெயரோடு நிறுத்திக்கொண்டு, கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பதை போனில் பார்த்து எழுதுங்கள். உயரம் எழுதிய குறிப்புகள் சேரும்போதுதான் அந்த எல்லை எங்கே என்பது பிறகு ஒருவருக்குத் தெரியவரும்.

ஒரு கிலோமீட்டர் நடை

மாதம் ஒரு முறை, ஒரே பாதை, ஒரே நேரம். ஒரு கிலோமீட்டர் போதும். நூறு மீட்டருக்கு ஒரு நிறுத்தம், ஒவ்வொன்றிலும் 3 நிமிடம், மொத்தம் ஐம்பது நிமிடத்தில் முடியும்.

இதில் பெரிய சிக்கல், ஒரே குருவியை இரண்டு முறை எண்ணுவது. ஆண் குருவி உங்களுக்கு முன்னால் கொம்பு கொம்பாகத் தாவிக்கொண்டே வரும், நீங்கள் மூன்று என்று எழுதிவிடுவீர்கள். அதன் எல்லை முடியும் இடத்தில் அது வளைந்து பின்னால் திரும்பிவிடும். பாதையை நோட்டில் ஒரு கோட்டுப் படமாக வரைந்து, அந்தத் திரும்பும் இடத்தை அதில் ஒரு பெருக்கல் குறியால் குறியுங்கள். இரண்டு ஆண்களை ஒரே நேரத்தில் கண்ணால் பார்த்தால் மட்டும் இரண்டு என்று எழுதுங்கள். நாலைந்து மாதத்தில் பெருக்கல் குறிகள் சேர்ந்து ஒவ்வொரு ஜோடியின் வீட்டு எல்லையும் தாளில் தானாக எழுந்து வரும்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் தரை என்ன என்று ஒரு சொல் எழுதுங்கள்: புல், காய்கறி, தேயிலை, சீகை (வாட்டில் மரம்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்). இதைப் பலர் வீண்வேலை என்று நினைக்கிறார்கள். எங்களுக்கு இந்தச் சொல் குருவியின் எண்ணிக்கைக்குச் சமம். பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையில் மலைப்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு 2018-ல் வெளியானது. போன இடத்தில் வந்தவை சீகை, கற்பூரம், பைன் தோப்புகளும் விவசாயமும். புதர்ச்சிட்டு விவசாய நிலத்தில் பிழைத்துக்கொள்ளும், சீகை அடைத்து நிழல் மூடிய இடத்தில் பிழைக்காது. புல்லை மட்டும் நம்பியிருக்கும் நீலகிரி நெட்டைக்காலிக்கு இரண்டு இடத்திலுமே பிழைப்பு இல்லை. உங்கள் பாதையில் ஒரு நிறுத்தம் ‘புல்’லிலிருந்து ‘சீகை’க்கு மாறும் வருடத்தை நீங்கள்தான் பதிவு செய்ய முடியும்.

வீட்டுக்கு வந்ததும், பறவைப் பட்டியல்களைப் பதியும் இணையதளமான இ-பேர்டில் ஏற்றுங்கள். பார்த்த எல்லாப் பறவையையும் சேர்த்து முழுப் பட்டியலாக, நேரமும் தூரமும் சரியாக. காகத்தை விட்டுவிட்டு எழுதினால் அது முழுப் பட்டியல் ஆகாது. மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொன்னால் அதைக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு கண்ணால் உறுதி செய்யுங்கள். குரலை ஒலிக்கவிட்டுக் குருவியை வரவழைப்பதை அடியோடு தவிருங்கள். எல்லையைக் காக்கிற ஆண் குருவி இல்லாத எதிரியைத் தேடி அலையும், அந்த நேரத்தில் குஞ்சுக்கு இரை போகாது.

கூடு

மார்ச் முதல் ஜூன் வரை நடக்கிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். கூடு மரத்தில் இருக்காது. சாலையோர மண்சரிவில் புல் தொங்கும் பொந்து, காரை பூசாத கல் கட்டின் இடுக்கு, வரப்புக் கல்லின் அடி. உள்ளே புல், மேலே மயிர் மெத்தை. முட்டை 2 முதல் 5, வெளிறிய நீலத்தில் பழுப்புப் புள்ளி. பெரும்பாலும் பெண் அடைகாக்கும், 12-13 நாள். பொரித்த குஞ்சு ஏறக்குறைய இரண்டு வாரத்தில் வெளியே வரும்.

கூட்டைத் தேட வேண்டாம், குருவியே காட்டிவிடும். அலகில் புழுவோடு ஒரு குருவி கொம்பில் உட்கார்ந்து, விழுங்காமல், ‘செக் செக்’ என்று கத்தினால் கூடு உங்கள் காலருகே இருக்கிறது. உடனே முப்பது மீட்டர் நகருங்கள். நீங்கள் நிற்கும்வரை அது உள்ளே போகாது. குளிர்மழை நாளில் பத்து நிமிடத் தாமதமே குஞ்சுக்கு ஆபத்து. பொந்தின் வாசலில் தொங்கும் புல்லை விலக்கிப் படம் எடுப்பது மிகக் கெட்ட பழக்கம்: மறைப்பு போய்விடும், மிதித்த தடத்தில் பூனையும் நாயும் வரும், பார்த்துக்கொண்டிருக்கும் காகமும் வரும். கூட்டையும் முட்டையையும் தொடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. குறிப்பில் ‘இரை கொண்டுபோகிறது’ என்று எழுதினால் போதும், இனப்பெருக்கத்துக்கு அதுவே சான்று. கூட்டின் சரியான இடத்தைப் பொதுவில் போட வேண்டாம்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் தலையிடலாம். மழைக்கு முன் கல் கட்டுகளுக்கு சிமெண்ட் பூசும் வேலை இதே மாதங்களில்தான் நடக்கும், இடுக்கோடு கூடும் மூடப்படும். குருவி இரையோடு நுழையும் இடுக்கு தெரிந்தால் மேஸ்திரியிடம் சொல்லுங்கள்: “அண்ணா, இந்த ஒரு இடுக்க மட்டும் ரெண்டு வாரம் விட்டுட்டு மத்தத பூசிக்கங்க.” ஒரு சாண் அகலம்தான். கல்லில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டுத் தேதியையும் எழுதிவிட்டால் மறுநாள் வேலைக்கு வரும் வேறு ஆளுக்கும் தெரியும்.